கரடிக்குப் போன அப்பம்

ஆர்லிஸ் டோஸ்ட்ரூட் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. ஊரில் இளவட்டம் என்று யாரைச் சொன்னாலும் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். தட்டில் பட்டாணியை ஒதுக்கி வைத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்ப உட்கார வைப்பாள். அந்தப் பயத்தில், இன்றைக்கும் அவளைக் கடைத்தெருவில் கண்டால் சிகரெட்டை மறைக்கிற ஆட்கள் உண்டு. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி லைலும் செய்துகொள்ளவில்லை. ஊருக்கு வெளியே அப்பா விட்டுப்போன பண்ணை வீட்டில் அக்காவும் தம்பியுமாக, வானிலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு, நிம்மதியாக வயதானார்கள்.

எங்கள் லுத்தரன் சபையில், கிறிஸ்துவின் சரீரமாக எல்லோரும் வாங்கிச் சாப்பிடும் திருவிருந்து அப்பத்தைச் சுடுவது அவள் பொறுப்பு. கோதுமை மாவு, பால், கொஞ்சம் தேன். அவள் அம்மாவின் கைப்பக்குவம். சுட்டது மட்டுமில்லை, அங்கி போட்டுக்கொண்டு போதகருக்குப் பக்கத்தில் நின்று அதைப் பிட்டுப் பிட்டுக் கொடுப்பதும் அவள்தான்.

போன குளிர்காலத்துக்கு முந்திய குளிர்காலத்தில் லைலுக்கு நுரையீரல் கெட்டது. டுலூத் நகர ஆஸ்பத்திரியில் ஆர்லிஸ் அவன் படுக்கையை விட்டு நகரவில்லை. அவள் ஜெபித்த ஜெபத்துக்குக் கல்லும் கரைந்திருக்கும். கடைசி நாட்களில் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கரண்டியில் சூப்பை எடுத்துக்கொண்டு போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். "ஒரே ஒரு வாய் லைல், எனக்காக" என்று கை நடுங்கக் கரண்டியை நீட்டியபடியே உட்கார்ந்திருப்பாள். சூப் ஆறும். புதிதாகச் சூடு பண்ணி மறுபடியும் நீட்டுவாள். பனி உருகுவதற்கு முன் அவன் போய்விட்டான்.

அன்றோடு ஆர்லிஸுக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. சண்டை போட்ட வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்கிற வீம்பு, நோர்வேயிலிருந்து வந்த அவள் வம்சத்து ரத்தத்திலும் தாராளமாக உண்டு. சபைக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை, அப்பம் சுடுவதையும் நிறுத்தவில்லை. சண்டை ஆண்டவரோடுதானே, சபையோடு இல்லையே. ஆனால் எல்லோருக்கும் கொடுத்து முடித்துக் கடைசியாகத் தன் முறை வரும்போது, பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தன் துண்டை அங்கியின் பைக்குள் போட்டுக்கொள்வாள். ஆராதனை முடிந்ததும் கோயில் பின்பக்கம் போய்க் குருவிகளுக்கு உதிர்த்துவிடுவாள். ஒருவருக்கும் தெரியாது. குருவிகள் மட்டும் நன்றாகக் கொழுத்தன.

கோபத்தைக்கூட அவளால் சுமக்க முடிந்தது. பொய்யைத்தான் சுமக்க முடியவில்லை. "கிறிஸ்துவின் சரீரம், உனக்காகக் கொடுக்கப்பட்டது" என்று ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துச் சொல்ல வேண்டும். நாக்கு சொல்லும், கை பையைத் தேடும். இந்தக் கோடையில், கண் தெரியாத ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்து, "நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை வருது, ஆர்லிஸ்" என்று சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், சபையார் சிலர் கனடா எல்லையை ஒட்டிய காட்டு ஏரிகளுக்குப் படகில் போய்க் கூடாரம் போடுவது வழக்கம். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையிலேயே திருவிருந்து. அங்கே அப்பத்தை மனசாரச் சாப்பிட முடிந்தால் சரி. முடியாவிட்டால் போதகரிடம் உண்மையைச் சொல்லி, அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சபையை விட்டே விலகிவிடுவது. ஆர்லிஸ் ஒன்றை முடிவு செய்தால் செய்ததுதான்.

அவள் படகில் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டது கோர்டி லாஹ்டி. பள்ளியில் அவளோடு படித்தவன், இரும்புச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவன், பின்லாந்து வம்சம். வாயை மூடத் தெரியாது.

"ஆர்லிஸ், துடுப்புப் போடுறியா, இல்ல குழம்பு கிண்டுறியா?"

"வாயால படகு ஓட்ற ஆளு பின்னால இருக்கும்போது நான் எதுக்குடா துடுப்புப் போடணும்?"

ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே, படகையும் மூட்டைகளையும் தோளில் ஏற்றிக் காட்டுவழியே சுமந்து போக வேண்டும். பாறையும் சேறுமான வழி. ஆர்லிஸ் வேண்டுமென்றே பெரிய மூட்டையை எடுத்துக்கொண்டாள். முதுகு ஒடிந்தாலாவது ஆண்டவர் திரும்பிப் பார்க்கிறாரா பார்க்கலாம் என்று ஓர் எண்ணம். தோள்பட்டை கன்னிப்போனதுதான் மிச்சம்.

சாயங்காலம் எல்லோரும் பாறைமேல் உட்கார்ந்து சூரியன் ஏரியில் இறங்குவதைப் பார்த்தார்கள். பெர்னீஸ் க்வால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சபைப் பெண்கள் சங்கத்தின் தலைவி அவள். எதற்கும் கண்ணீர் தயாராக இருக்கும். "ஆண்டவர் இங்க எவ்வளவு பக்கத்துல இருக்கார் பாத்தியா, ஆர்லிஸ்?" என்றாள்.

"எனக்குக் கொசுதான் பக்கத்துல இருக்கு" என்றாள் ஆர்லிஸ்.

கிண்டலாகச் சொன்னாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாளாக மனத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், ஒன்றும் வரவில்லை. ஏரிப்பறவை கூவியது, எல்லோருக்கும் சிலிர்த்தது, அவளுக்குக் குளிர்ந்தது. அவ்வளவுதான். மறுநாள் ஞாயிறு.

காட்டில் சாப்பாட்டுப் பொருள் எதையும் கூடாரத்திலோ தரையிலோ வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி உயரமான கிளையில் தொங்கவிட வேண்டும், கரடிக்கு எட்டாதபடி. கோர்டி அன்றும் அப்படித்தான் கட்டினான். ஆனால் திருவிருந்து அப்பத்தை ஆர்லிஸ் அந்த மூட்டையில் வைக்கவில்லை. கோயில் சமையலறையில் அதற்குத் தனி அலமாரி, தனித் துணி. அம்மா காலத்திலிருந்து அது மற்றச் சாப்பாட்டோடு பட்டதே கிடையாது. ஆண்டவரின் அப்பத்தைப் பன்றி சாசேஜோடும் வெங்காயத்தோடும் சேர்த்துக் கட்டித் தொங்கவிடுவதா? அம்மா பூவேலை செய்த வெள்ளைத் துணியில் சுற்றி, தன் மாற்றுத்துணிப் பையில் வைத்து, கவிழ்த்திருந்த படகுக்கு அடியில் பத்திரமாகச் செருகிவிட்டாள்.

விடியும்போது படகு புரளும் சத்தம் கேட்டது. எல்லோரும் கூடாரத்தை விட்டு வெளியே வந்தார்கள். ஒரு கறுப்புக் கரடி, ஆர்லிஸின் பையை வாயில் கவ்விக்கொண்டு, தனக்கே சொந்தம் போல நடந்து போய்க்கொண்டிருந்தது. கோர்டி சட்டியைத் தட்டினான், பெர்னீஸ் அலறினாள். கரடி புதர் ஓரமாக உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுத்தான் நகர்ந்தது. அங்கே போய்ப் பார்த்தால், ஆர்லிஸின் கம்பளிச் சட்டை அப்படியே கிடந்தது. வெள்ளைத் துணி மட்டும் கிழிந்து, துளித் தேன்கூட மிச்சமில்லாமல் நக்கிச் சுத்தமாக இருந்தது.

"அட ஆண்டவனே! சாப்பாடெல்லாம் மரத்துக்குப் போகணும்னு நேத்து எத்தன தடவ சொன்னேன்?" என்றான் கோர்டி.

"அது சாப்பாடு இல்ல, கோர்டி. அது அப்பம்."

"அதக் கரடிகிட்டப் போய்ச் சொல்லு."

எங்கள் போதகர் பெயர் காரின் ஊஃப்தால். சின்ன வயதுக்காரி, எங்கள் சபைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஆர்லிஸின் தோளைத் தொட்டு, "பரவாயில்ல, ஆர்லிஸ். மனசு கஷ்டப்படாதீங்க. இன்னைக்கு பாட்டும் ஜெபமும் போதும். அடுத்த ஞாயிறு கோயில்ல பாத்துக்கலாம்" என்றாள்.

அப்பாடா, தப்பித்தோம். ஆர்லிஸுக்கு முதலில் தோன்றியது அதுதான். அப்பம் இல்லை, ஆகவே சாப்பிடுவதா வேண்டாமா என்ற கேள்வியும் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் அங்கி, மறுபடியும் பை, மறுபடியும் குருவிகள். ஆண்டு ஆண்டாக இப்படியே ஓட்டிவிடலாம். அந்த நிம்மதியை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் மூட்டை சுமந்தேன்?

"முடியாது பாஸ்டர்" என்றாள். "இன்னைக்கே நடக்கணும். நான் சுடறேன்."

"எத வச்சுச் சுடுவ?" என்றாள் பெர்னீஸ். "எங்கிட்ட பான்கேக் மாவுதான் இருக்கு."

"கொடு அத."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் தார்ப்பாயைக் கட்டி, அடியில் குந்தி உட்கார்ந்து சாசேஜும் பாலாடைக்கட்டியும் தின்றார்கள். ஆர்லிஸ் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. அப்பம் வெந்த பிறகுதான் மற்றதெல்லாம். விறகு நனைந்து புகைந்ததே தவிரப் பற்றவில்லை. போதகர் ஊதி ஊதிக் கண் சிவந்தாள். கோர்டி மழைக்குள் போய், பட்டுப்போய் நின்ற மரம் ஒன்றை வெட்டிவந்து, பிளந்து உள்வயிற்றுக் காய்ந்த கட்டையை எடுத்துக் கொடுத்தான். ஆர்லிஸ் மாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, வறுக்கும் சட்டியில் தட்டிப் போட்டாள். முதல் அப்பம் அடியில் கரியாகி, திருப்பும்போது சாம்பலில் விழுந்தது.

"இவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துக்கே சமைக்கிறவ" என்று ஆரம்பித்தான் கோர்டி.

"பேசினே, உன்னச் சட்டியில போட்டுருவேன்."

இரண்டாவதும் கருகியது, ஆனால் ஒரு பக்கம்தான். நடுவில் வேகாத மாவாகத்தான் இருந்தது. அம்மா பார்த்தால் கோழிக்குப் போட்டிருப்பாள். சுடச்சுட அதை எடுத்து, கிழிந்த வெள்ளைத் துணியில் மிஞ்சிய பாகத்தை விரித்து வைத்தாள். புகையும் மாவும் கலந்த வாசனை தார்ப்பாய் முழுக்கப் பரவியது.

பீடம் இல்லை, வரிசையும் இல்லை. தார்ப்பாய்க்கு வெளியே, மழையிலேயே எல்லோரும் வட்டமாக நின்றார்கள். போதகர் ஆசீர்வதித்து அப்பத்தைப் பிட்டு, பக்கத்தில் நின்ற கோர்டிக்குக் கொடுத்தாள். அவன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அடுத்தவள் ஆர்லிஸ். இத்தனை காலமும் கொடுத்துக்கொண்டே இருந்தவள், கடைசி ஆளாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள். இங்கே திரும்பிக்கொள்ள இடமில்லை. போட்டிருந்த மழைச்சட்டையில் பையும் இல்லை.

கோர்டி ஒரு துண்டைப் பிட்டு நீட்டினான். வாயாடி கோர்டி இல்லை அது. மழையில் ஊறிய அந்தச் சுரங்கக் கை குளிரில் நடுங்கியது. "ஆர்லிஸ், கிறிஸ்துவின் சரீரம், உனக்காகக் கொடுக்கப்பட்டது."

அவள் அசையவில்லை. கை நீட்டியபடியே நின்றது. அவசரப்படுத்தவில்லை, பின்வாங்கவும் இல்லை, நடுங்கிக்கொண்டே காத்திருந்தது. அந்த நடுக்கம் அவளுக்குத் தெரிந்த நடுக்கம். டுலூத்தில், ஆறிப்போன சூப்போடு நீட்டியபடி உட்கார்ந்திருந்த தன்னுடைய கை. ஒரே ஒரு வாய், எனக்காக. நீட்டுகிறவர் படுகிற பாடு என்னவென்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தெரிந்த அவளே இத்தனை மாதமும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

லைல் விஷயத்தை நான் விடப்போவதில்லை என்று அவள் மனத்துக்குள் சொன்னாள். லைல் போனபின் ஆண்டவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. கேட்கத்தான் போகிறேன், சாகும்வரை கேட்பேன். ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கேட்கிறேன்.

அந்த நேரத்தில் அவள் வயிறு ஊர் கேட்க ஒரு சத்தம் போட்டது. ஆர்லிஸ் அப்பத்தை வாங்கி வாயில் போட்டாள். கரி கசந்தது, உப்புக் கரித்தது, நடுவில் மாவு ஒட்டியது. மென்று விழுங்கினாள். கண்ணீர் முகவாய்வரை வழிந்தது, மழையும் சேர்ந்துகொண்டதால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து நின்ற பெர்னீஸுக்கு அவள்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். "பெர்னீஸ், உனக்காகக் கொடுக்கப்பட்டது" என்று சொன்னபோது, நாக்கும் கையும் ஒரே பக்கம் இருந்தன.

அப்பம் வட்டத்தைச் சுற்றி வந்து போதகர் கைக்குத் திரும்பியது. பாதி மிச்சம் இருந்தது. போதகர் முடிவு ஜெபத்துக்குக் கண்ணை மூடப்போனாள்.

"பாஸ்டர்" என்றாள் ஆர்லிஸ். "எனக்கு இன்னொரு துண்டு."

போதகர் மூடப்போன கண்ணைத் திறந்தாள். பெர்னீஸ் வாயைப் பிளந்தாள். கோர்டிதான் முதலில் சுதாரித்தான்.

"ஆண்டவர் பந்தியில ரெண்டாந்தரம் கேக்குற பொம்பளய இப்பத்தான் பாக்குறேன்."

"ரொம்ப நாளாச்சு, கோர்டி" என்று ஆர்லிஸ் கையை நீட்டினாள். "எனக்குப் பசிக்குது."