ஸுமையா ராத்தா பிடித்துத் தந்த மாடி மேசை

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகன் இப்போதுதான் தூங்கினான். அவன் விழித்திருக்கும்போது இரண்டு வரிகூடச் சேர்த்து எழுத முடிவதில்லை. ஃபோன் சத்தத்தில் உங்களில் யாருக்காவது தூக்கம் கலைந்தால் திட்டிக்கொள்ளுங்கள். விடியும்வரை வைத்திருந்தால் இதை அனுப்ப எனக்கு மனம் வராது.

பேக்கரி மாடியில் ஸுமையா ராத்தாவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்த உங்கள் எல்லோருக்கும்தான் எழுதுகிறேன். ராத்தா போன செய்தி எனக்கு எப்படி வந்தது என்று உங்களிடம் இன்னும் சொல்லவில்லை. அன்று காலை பல்லேபொலயில் நல்ல மழை. மழை வந்தால் எங்கள் பக்கம் முதலில் கரண்ட் போகும், பிறகு சிக்னல் போகும். என் வேலை உங்களுக்குத் தெரியும்: வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஹோட்டல் பதிவு செய்துகொடுக்கும் கம்பெனியில், ஃபோனில் பதில் சொல்லுகிற வேலை. லைன் இல்லை என்றால் நான் வேலைக்கு வரவில்லை என்றுதான் அர்த்தம். குடையைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் போய் நின்று, கொஞ்சம் சிக்னல் கிடைத்ததும் வழக்கம்போல ராத்தாவுக்கு எடுத்தேன். ராத்தாவின் மகள் எடுத்துப் பேசினாள்.

"உம்மாகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லும்மா, டவுன்ல எந்தப் பக்கம் கரண்ட் இருக்குன்னு," என்றேன். உம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

"ஆன்ட்டி, உம்மா மவுத்தாயிட்டாங்க. சுபஹு நேரம்."

விடியற்காலைத் தொழுகை நேரத்தில் உயிர் போயிருக்கிறது. டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது நமக்கெல்லாம் தெரியும். "சும்மா காய்ச்சல்தான் புள்ள, வந்துடுவேன்" என்று குரல் செய்தி போட்டிருந்தார். நாமும் நம்பினோம். ராத்தா ஒன்றைச் சொன்னால் அது நடந்துவிடும் என்று பழகிப்போயிருந்தோம்.

பிறகு வந்து சேர்ந்தவர்களுக்கு அந்த மேசை எப்படிக் கிடைத்தது என்று தெரியாது. நான் ராத்தாவை முதலில் பார்த்தது பேக்கரியில் இல்லை. மெயின் ரோட்டில் வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் அப்போது புதிதாகத் திறந்திருந்த ஒரு கபேயில். சுவரில் பெரிய இறக்கை வரைந்து, அதன் முன்னால் நின்று படம் எடுக்கச் சொல்லுவார்களே, அந்த மாதிரி இடம். மகனுக்கு அப்போது கழுத்து நின்றிருந்தது, அவ்வளவுதான். வீட்டில் மாமியாரின் டீவி, பக்கத்து வளவில் மரம் அறுக்கிற மெஷின், நாய். "வீட்டிலிருந்தே வேலை, உனக்கென்ன குறை" என்று சொல்லாத ஆள் இல்லை. அப்படிச் சொன்னவர்களில் ஒருவரும் எங்கள் வீட்டில் ஹெட்போனை மாட்டிப் பார்த்ததில்லை. பிள்ளையையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு அந்தக் கபேக்குப் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே வெயிட்டர் வந்தான்.

"மிஸ், லேப்டாப் இங்க வைக்க ஏலாது. இது ரெண்டு பேர் டேபிள்."

"ரெண்டு பேர்தானே இருக்கோம்," என்று மடியில் இருந்தவனைக் காட்டினேன்.

"பேபிய கணக்கெடுக்க ஏலாது மிஸ்."

பக்கத்து மேசையில் அபாயா அணிந்த ஒருவர் தன் லேப்டாப் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்காமல், "பேபிய கணக்கெடுக்க ஏலாட்டி, பேபி அழுறதையும் கணக்கெடுக்க வாணாம் தம்பி," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "புள்ள, இது போட்டோ புடிக்கிற கட. வேல செய்ற கட இல்ல. வா, போவோம்."

"எங்கங்க?"

"தெரியா. தேடுவோம்."

த்ரீவீலில் ஏறிய பிறகுதான் பெயரே கேட்டேன். ஸுமையா என்றவர், நான் அக்கா என்று கூப்பிட்டதும் "எங்கட வீட்டுல ராத்தா" என்று திருத்தினார். கட்டாரில் ஒரு கட்டிடக் கம்பெனிக்கு இங்கிருந்தே வீட்டு வரைபடம் கீறி அனுப்புகிறவர் என்று சொன்னார். அன்றைக்கே எனக்கு முதல் பாடமும் கிடைத்தது. "எல்லாரும் கடைக்குள்ள ஏறினதும் வைஃபை பாஸ்வேர்ட் கேப்பாங்க. நீ முதல்ல டாய்லெட்டப் பாரு. அது சரியில்லாட்டி நீ தண்ணி குடிக்க மாட்டே. தண்ணி குடிக்காட்டி பின்னேரம் தல வெடிக்கும். பொறகு வைஃபை வேகமா ஈந்து என்னத்துக்கு?" சிரிப்பாக இருந்தது. பிள்ளை பெற்ற உடம்போடு நான் பட்டுக்கொண்டிருந்த பாட்டை அதுவரை ஒருவரும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை என்பதும் உறைத்தது.

தேடினோம் என்றால் சும்மா தேடவில்லை. ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நாற்காலியில் சாய்வதற்குள் ரூம் நம்பர் கேட்டார்கள். ஒரு ஜூஸ் கடையில் எல்லாம் சரி, ஆனால் எனக்கு ஃபோன் கோல் வருகிற நேரம் பார்த்துத்தான் அந்த அண்ணன் அன்னாசியைப் போட்டு அரைப்பார். கொழும்பில் தெருவுக்குத் தெரு இடம் இருக்கிறதாம். இங்கே தேநீர் குடிக்க ஆயிரம் இடம் உண்டு. குடித்து முடித்த பிறகும் ஒரு பெண் எழும்பாமல் இருந்தால்தான் கடையே திரும்பிப் பார்க்கிறது. எனக்கு எரிச்சலில் அழுகை வரும். ராத்தா அடுத்த த்ரீவீலை மறிப்பார்.

வஹகோட்டைக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அந்தோனியார் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சின்னத் தேநீர்க் கடையை ஒரு வியாழக்கிழமை பார்த்தோம். மர நிழல், முழுச் சிக்னல், ராத்தாவின் டாய்லெட் பரீட்சையிலும் பாஸ். சொர்க்கம் கிடைத்துவிட்டது என்று அடுத்த செவ்வாய்க்கிழமை லேப்டாப்போடு போய் இறங்கினோம். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உரிய நாள் என்பது ராத்தாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பஸ் பஸ்ஸாகச் சனம். மெழுகுதிரிக்காரர்கள். ஒலிபெருக்கியில் பாட்டு. எனக்கு ஒரு வெளிநாட்டுக் கிழவி கோல் எடுத்து, நீ என்ன கோயிலில் இருந்தா பேசுகிறாய் என்று கேட்டார். நான் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆமான்னு சொல்லு," என்று ராத்தா காதருகில் சொன்னார். "ஒங்களுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துறேன்னு சொல்லு."

சொன்னேன். கிழவிக்கு ஒரே சந்தோஷம். கோல் முடிந்ததும் ராத்தா பிள்ளையை வாங்கிக்கொண்டு, "சொன்னா செய்யணும். நீ போய்க் கொளுத்திட்டு வா, நான் இவனப் பாக்குறேன்," என்றார். நான் போய்க் கொளுத்தினேன். கிழவி எனக்கு நல்ல புள்ளி போட்டார். சூப்பர்வைசர் பின்னணிச் சத்தம் என்று எச்சரிக்கை போட்டார். ஜெனி, நீ அந்த ஊர்க்காரி, இதைக் கேட்டுவிட்டு "எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அக்கா" என்று மேசையில் விழுந்து சிரித்தாய். அப்போது உன்னை எங்களுக்கு எங்கே தெரியும்?

அதற்குப் பிறகுதான் டவுனுக்கு வெளியே அந்தப் பேக்கரி. சுனில் முதலாளி எங்களை மேலே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, கையை விரித்தார். பெண்களை மரியாதையாக 'நோனா' என்று கூப்பிடுகிற சிங்களக்காரர்.

"மேல பிளக் இல்ல நோனா. கட்டும்போதே போடல்ல."

ராத்தா கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சுவரோரமாகவே நடந்து ஒரு பழைய அலுமாரியின் முன்னால் நின்றார். "முதலாளி, இந்தப் பக்கம் ஃபேன் சுவிட்ச் ஈக்குது. கீழ இதுக்கு நேராத்தான் ஒங்கட பாண் சுடுற ஓவன் ஈக்குது. வயர் இந்தச் சுவத்தாலதான் எறங்கணும். இந்த அலுமாரியக் கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினால், ஒட்டடைக்குப் பின்னால் இரட்டைப் பிளக்.

"அனே! கடை என்ட, பிளக்கைக் கண்டுபிடிக்கிறது நோனா!" என்றார் முதலாளி. அந்தச் சிரிப்பு அடங்குமுன் ராத்தா பேச்சை முடித்துவிட்டார். "காலம்பற பாண் வாங்குற கூட்டம் போனா, பள்ளிக்கூடம் விடுறவரைக்கும் நீங்க ஈ ஓட்டுறீங்க. அந்த நேரம் எங்களுக்குத் தாங்க. நாங்க ஜன்னலோரம் உக்காருறோம். ரோட்டால போறவங்களுக்கு மேல ஆள் தெரியும். ஆள் ஈக்குற கடையிலதான் ஆள் ஏறும். பள்ளிக்கூடம் விட்டா நாங்க எழும்பிடுவோம்."

"துணிக்கடையில பொம்மை வைக்கிற மாதிரியா நோனா?"

"ஓ. ஆனா இந்தப் பொம்மைங்க டீ குடிக்கும்."

அதுதான் நம் மேசையின் சட்டமாயிற்று. உட்கார்ந்தால் இடத்துக்கு ஒரு டீ, கொஞ்ச நேரம் போனால் இன்னொன்று. நோன்பு மாதத்திலும் ராத்தா தன் பெயருக்கு பிளேன்டீ எடுப்பார். வந்ததும் என் பக்கம் தள்ளுவார். "நோன்பு எனக்குத்தானே, நாற்காலிக்கு இல்லயே" என்பார். அந்த மாதம் முழுவதும் அவருடைய டீயையும் குடித்துவிட்டு நான் தூக்கமில்லாமல் கிடந்தேன். நாற்காலிக்கு நன்மை கிடைத்ததோ தெரியவில்லை.

அவர் மெல்லிய மனசுக்காரர் என்று இப்போது குரூப்பில் எழுதுகிறீர்கள். இல்லை. மகனுக்குக் காய்ச்சல் அடித்த ஒரு நாள், விடுமுறை கிடைக்காமல் அவனையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்திருந்தேன். நடுவில் உடைந்துபோய் அழத் தொடங்கினேன். இந்த வேலையே வேண்டாம் என்றேன். ராத்தா என் திரையை எட்டிப் பார்த்தார். "அழுறதுன்னா அழு. ஆனா முதல்ல மைக்க மியூட் பண்ணு," என்றார். பண்ணினேன். அழுதேன். அவர் ஒரு கையால் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, மறு கையால் யாரோ கட்டார்க்காரருடைய வீட்டுக்குப் படிக்கட்டு கீறிக்கொண்டிருந்தார். நான் முகம் கழுவிவிட்டு வந்ததும், "வேலய விடுறதுன்னா காய்ச்சல் இல்லாத நாள்ல யோசி" என்று மட்டும் சொன்னார். காய்ச்சல் இல்லாத நாளில் எனக்கு விடத் தோன்றவில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வீட்டுக்கு எல்லோரும் சேர்ந்து போய்வந்த பிறகு, நாம் யாரும் மாடிக்குப் போகவில்லை. "ராத்தா உக்காந்த கதிரையப் பாக்க மனசு வரல்லக்கா" என்று தர்ஷினி நாவுல ஊரிலிருந்து எழுதினாள். சரி. எனக்கும் வரவில்லை. மனசு வராவிட்டாலும் ஷிஃப்ட் வருகிறதே. மறுபடியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தேன். இம்முறை அடுத்த த்ரீவீலை மறிக்க ஆள் இல்லை. சூப்பர்வைசர் கடைசி எச்சரிக்கை என்று எழுதிவிட்டார். இன்னொரு தடவை கோலில் பிள்ளைச் சத்தமோ கடைச் சத்தமோ கேட்டால், வேலை இல்லை. வீட்டுக்காரரின் சம்பளம் மட்டும் வைத்து எங்கள் வீடு ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கும் இதே நிலைமைதான் என்பது எனக்கும் தெரியும்.

போன திங்கட்கிழமை தனியாக மாடிக்குப் போனேன். சுனில் முதலாளி தானே டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"ஸுமையா நோனா மாதிரி மனிசி இல்ல. எனக்கும் கவலைதான். ஆனா நான் என்ன செய்ற? டியூஷன் சார் ஒருத்தர் பகல் வகுப்புக்கு மேல் மாடியக் கேக்கிறார். நோனாலா வாறதுன்னா அவருக்கு இல்லன்னு சொல்றேன். வாறது இல்லன்னா குடுக்கணும். வெள்ளிக்கிழமைக்குச் சொல்லுங்க."

அன்றைக்கே குரூப்பில் கேட்டேன். "எல்லோரும் திரும்ப வருவோமா? முடியாவிட்டால் பரவாயில்லை" என்று எழுதினேன். ஒருவர்கூட வருகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. என் கேள்விக்குக் கீழே பூப்படம், கூப்பிய கை, அவருடைய பழைய போட்டோ, மறுபடியும் பூ. கேள்வி மேலே போய் மறைந்துவிட்டது. எனக்குக் கோபம். மறைக்கவில்லை. அவரை நினைத்துப் பூப் போட நமக்கு நேரம் இருக்கிறது, அவர் பிடித்துத் தந்த இடத்தில் போய் உட்காரத்தான் மனசு வரவில்லை.

ராத்தாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எது என்று யோசித்துப் பார்த்தேன். அவருடைய துணிச்சல் எனக்கு வராது. சுவருக்குள்ளே வயரைப் பார்க்கிற கண்ணும் வராது. ஒன்றே ஒன்று இருக்கிறது. மாடியின் மூலையில் பிள்ளையைத் தூங்க வைக்க ஒரு பாய் விரிக்கலாமா என்று ஒருமுறை முதலாளியிடம் கேட்டேன். கேட்ட வாயோடு "ஏலாட்டி பரவாயில்ல" என்றும் சேர்த்தேன். "பாப்போம் நோனா" என்று அவர் கீழே போய்விட்டார். அதோடு அது போயிற்று. ராத்தா என்னைப் படியடிக்குக் கூட்டிப்போனார். "நீ கேட்டது பாய். பொறகு ஏன் பரவாயில்லங்குறே? பரவாயில்லயா ஒனக்கு? கேட்டா கேட்டதோட வாய மூடு. பதில் சொல்றது அவர்ட வேல. அவர்ட வேலயையும் நீ ஏன் செய்ற?"

திரும்பிப் போய்க் கேட்டேன். கேட்டுவிட்டு நின்றேன். முதலாளி தலையைச் சொறிந்தார், கூரையைப் பார்த்தார். பிறகு தானே போய் ஒரு பாயைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்.

அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஆகவே உங்களிடம் மறுபடியும் கேட்கிறேன். அடுத்த திங்கட்கிழமை காலையிலிருந்து மாடிக்கு வருவீர்களா? ஜெனி, தர்ஷினி, மற்ற எல்லோரும்: வருவேன், அல்லது வரமாட்டேன், இரண்டில் ஒன்று. பூ வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் நான் முதலாளிக்குச் சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.