மூன்றாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்

அண்ணனை அடக்கம் பண்ணிய பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவனுடைய எலெக்ட்ரிக் கிதாரில் கம்பி மாற்றினேன். முப்பதாம் நாள் வீட்டு ஜெபத்தில், அவன் சபையில் வாசித்துவந்த கீர்த்தனையை அதே கிதாரில் நான் வாசிக்க வேண்டும் என்று மைனி, அண்ணனின் மனைவி, கேட்டிருந்தார். சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் போட்டிருந்தது தடித்த லெவன் செட் கம்பி. கல்லூரியோடு கிதாரை விட்ட என் விரல்களால் அதை ஒரு சரணத்துக்கு மேல் அழுத்த முடியவில்லை. நாகர்கோவிலில் மெல்லிய நைன் செட் வாங்கி, பழையதை வெட்டி எடுத்துவிட்டு மாட்டினேன். எங்கள் சபையில், வயதானவர்களின் குரல் எட்ட வேண்டும் என்று எல்லாப் பாட்டையும் அரைக்கட்டை இறக்கித்தான் பாடுவது. அண்ணன் கிதாரையும் அப்படியே இறக்கி வைத்திருந்தான். நானும் யோசிக்காமல் இறக்கினேன். மெல்லிய கம்பி இன்னும் தொய்ந்தது. எங்கே அழுத்தினாலும், கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளில் உரசிக் கரகரத்தது.

புதன் முதல் வெள்ளி வரை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன். எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட், எவ்வளவு உயரம் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்த மூன்று நாட்களுக்கு வேறு எந்தக் குறிப்பும் அதில் இல்லை. விரல் வலித்தது. கரகரப்பு போகவில்லை.

சனிக்கிழமை, பாடகர் குழுக்களின் கருவிகளைப் பழுதுபார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். கழுத்துக்குள் ஓர் எஃகுக் கோல் இருக்கிறது, தடித்த கம்பியின் இழுப்புக்கு ஈடாக அதை முறுக்கி வைத்திருக்கிறார்கள், இப்போது இழுப்பு குறைந்ததால் கழுத்து பின்னுக்கு வளைந்துவிட்டது என்றார். கோலைக் கால் சுற்று தளர்த்தினார். நான் ஏற்றிய பிரிட்ஜைப் பாதிக்கு இறக்கினார். மரம் படியட்டும், திங்கள்கிழமை வாருங்கள் என்று அனுப்பினார்.

இருபத்து மூன்றாம் நாள் போனபோது எல்லாம் சுத்தமாகக் கேட்டது, மூன்றாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட் தவிர. அவர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து காட்டினார். கம்பி அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் பட்டை குழிந்திருந்தது.

“சாருக்க அண்ணன் இதுலதான் குடியிருந்திருக்காரு. தடிச்ச கம்பியில தெரியாம இருந்துது. எல்லா ஃப்ரெட்டையும் இந்தக் குழி மட்டத்துக்கு அரம் வச்சு ராவணும். ராவினா இந்தத் தடம் போயிரும், பாத்துக்கிடுங்க.”

நான் குழியைப் பார்த்தேன். அதைப் பார்த்து ஏதாவது தோன்ற வேண்டும் என்று தெரிந்தது. தோன்றவில்லை. முடிவெடுக்கவும் முடியவில்லை. வெளியே வந்து மைனியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் பக்கத்தில் குக்கர் சத்தம் கேட்டது.

“ராவட்டும் தம்பி” என்றார். “ஆஸ்பத்திரியில மெசினுக்க சத்தம் சுருதி சேரல்லன்னு நர்சம்மாட்ட சண்டைக்குப் போன ஆளு. கரகரன்னு வாசிச்சா அவருக்குப் பொறுக்காது.”

“தடம் போயிருமே மைனி.”

“போட்டும். பாட்டு நல்லா கேக்கணும்.”

உள்ளே போய் ராவச் சொன்னேன். அவர் கம்பிகளைக் கழற்றி, பட்டைகளின் மேல் மை பூசி, நீண்ட அரத்தை ஒரே சீராக ஓட்டினார். மற்ற பட்டைகளில் மை சீக்கிரம் போய்விட்டது. ஐந்தாவதில் குழிக்குள் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி நெடுநேரம் இருந்து, பிறகு அதுவும் போனது. தூளைத் தூரிகையால் தட்டிவிட்டார். மொத்தம் இரண்டே கால் மணி நேரம்.

முப்பதாம் நாள் மாலை வாசித்தேன். எங்கேயும் உரசவில்லை. மைனி இரண்டு சரணம் பாடினார். மூன்றாவதில் நிறுத்திக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பாடினார்கள். நான் கடைசிவரை வாசித்தேன்.