தூசிப் பால்

போன வாரம் முழுக்க எனக்குக் கோபம். இன்னும் தீரவில்லை. அதனால் இந்த வாரம் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்னேரியில் எங்கள் கீழ்வீட்டில் குடியிருப்பவள் மேரி. கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்ப்புகளைத் தேய்த்து மெருகேற்றும் ஒரு கம்பெனியில் வேலை. பல வருடமாக கான்ட்ராக்ட். இந்த மாதம் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பெர்மனென்ட் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கும் வேலை இருக்கிறது என்ற நினைப்போடு தூங்கப் போகலாம்.

அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்தவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"லிஸ்ட்லேர்ந்து பேரை எட்த்துட்டாங்கக்கா. பால் குடிக்கலையாம்."

எனக்குப் புரியவில்லை. பால் குடிக்காததற்கெல்லாமா வேலை போகும்?

விஷயம் இதுதான். அங்கே தூசி அதிகம். அதனால் ஷிஃப்ட்டுக்கு நடுவில் ஆளுக்கு ஒரு டம்ளர் பால். தொழிலாளிகள் வைத்திருக்கும் பெயர், தூசிப் பால். பால் குடித்தால் உள்ளே போன தூசியெல்லாம் இறங்கிவிடும் என்று எந்த மகான் எப்போது சொன்னாரோ... இன்றுவரை நடக்கிறது. சிலர் பாட்டிலில் ஊற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துப்போனதால், இப்போது சூப்பர்வைசர் கண்ணெதிரில்தான் குடிக்க வேண்டும்.

மேரிக்குப் பால் ஆகாது. குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பும், கடமுடா என்று உருட்டும், பாத்ரூமுக்கு ஓட வேண்டும். ஓடினால், "மிஷினை வுட்டுட்டு எங்க போற?" என்பார் சூப்பர்வைசர். குடிக்காமல் வைத்தால், "கம்பெனி குடுக்கறத வேணான்றியா?" என்பாரும் அவரே. அந்தப் பெண் என்னதான் செய்வாள்?

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: "உங்க ஆளுங்களுக்குப் பாலெல்லாம் எங்க பழக்கம்? கூழுக்குப் பொறந்த வயிறு."

மேரியின் அப்பா ஆரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அது சூப்பர்வைசருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

மறுநாள் மேரியை என் கல்லூரித் தோழியிடம் அழைத்துப் போனேன். பொன்னேரியிலேயே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"எனக்கே பால் ஆகாதுடி. எங்க வீட்டுல ரெண்டு மாடு இருந்துச்சு, தெரியுமில்ல?"

பிறகு மேரிக்குப் புரியும்படி சொன்னாள். பால் சர்க்கரையை உடைக்க உடம்பில் ஒரு நொதி சுரக்கிறது. குழந்தையில் எல்லோருக்கும் தாராளமாகச் சுரக்கும். வளர்ந்த பிறகும் அது தொடருமா, குறைந்துவிடுமா என்பதை முடிவு செய்வது ஜீன். உலகத்தில் பெரும்பாலான பெரியவர்களுக்குக் குறைந்துவிடுகிறது. நம் ஊரில் ரொம்பவே சாதாரணம். அப்போது குடிக்கிற பாலின் சர்க்கரை உடையாமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கிற பாக்டீரியாக்களுக்கு விருந்து. அவை தின்று தீர்த்து வாயுவைக் கிளப்புகின்றன. பால் சர்க்கரை பிடித்த பாக்டீரியாக்கள் அந்த வயிற்றில் பெருகியும்விடுகின்றன.

ஆக, யார் குடலில் எது செழிக்கும் என்பதில் ஜீனுக்கும் ஒரு பங்கு உண்டு. முழுப் பங்கு இல்லை. சாப்பாடு, மருந்து, வாழ்கிற இடம் எல்லாம் சேர்ந்துதான். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் சிலருக்குப் பழகும். எல்லோருக்கும் பழகாது.

"அப்ப இது வியாதி இல்லையா மேடம்?"

"இல்லம்மா. உன் உயரம், உன் சுருட்டை முடி மாதிரி இதுவும்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் மேரி முகம் தெளிந்திருந்தது. அதே தெளிவோடு அடுத்த நாள் எச்.ஆர். அதிகாரியிடம் போய், "எனக்கு நோய் இல்ல சார், ஜீன்ல இருக்குதாம்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

"ஜீன்லயே டிஃபெக்ட்டா? அப்போ மெடிக்கல் ஃபிட் இல்லையேம்மா. பெர்மனென்ட்டுக்கு எப்படி எடுக்கறது?"

படிக்கிற உங்களுக்குக் கோபம் வருகிறதா இல்லையா? அந்த அதிகாரிக்கு சோடாபுட்டிக் கண்ணாடி, முன்வழுக்கை என்று மேரி சொன்னாள். இரண்டுக்கும் அவருடைய அப்பா அம்மாவைத்தான் போய்க் கேட்க வேண்டும். அவருக்கு யாராவது அன்ஃபிட் போட்டார்களா? சூப்பர்வைசர் சாதி என்று சொன்னதை இவர் ஜீன் என்று சொல்கிறார். இங்கிலீஷ் தெரிந்த அவமானம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று பிற்பகல் வழக்கம்போல் பால் வந்தது. மேரி டம்ளரைத் தொடவில்லை. சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மிஷினில் நின்ற தேவம்மா, ஆந்திரா பார்டர்க்காரி, தன் டம்ளரையும் கீழே வைத்தாள்.

"எனக்கும் ஆவாது நைனா. வேலை பூடுமோன்னு இத்தினி நாளு வாயை மூடிக்கினு குடிச்சேன். ஊட்டுக்குப் போறதுக்குள்ள பேஜாராப் பூடும்."

அடுத்தவள் வைத்தாள். அதற்கடுத்தவளும். கடைசியில் அந்த லைனில் பாதிக்கு மேல் டம்ளர்கள் தரையில். எச்.ஆர். ஓடி வந்தார். இத்தனை பேரையும் டிஃபெக்ட் என்று அனுப்பினால் மிஷின் யார் ஓட்டுவது?

மேரி பெயர் லிஸ்ட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. இந்த வாரம் ஆர்டர் கையில் கொடுத்துவிட்டார்கள். அதிகாரி பெருந்தன்மையாக, "பால் ஆகாதவங்களுக்கு இனிமே வாழைப்பழம்" என்று அறிவித்தாராம். மேரி விடவில்லை.

"பழம் வேணாம் சார். நல்லதா ஒரு மாஸ்க் குடுங்க. தூசி மூக்கு வழியாத்தான போவுது?"

"அது பட்ஜெட்ல இல்லம்மா."

மேரி அதை எனக்குச் சொல்லும்போதே இரண்டு தடவை இருமினாள்.

இரும்புத் தூசியைச் செரிக்கிற ஜீன் எந்தச் சாதியிலும் கிடையாது, சார்.