அக்காள் டவுனுக்குப் போயிருக்கிறாள்

அரசாங்கக் குடியிருப்பு விதிகளில் பதினோராவது விதிக்கு இரண்டு வாக்கியங்கள். மனைவி மக்கள் அல்லாத உறவினரைப் பதினான்கு நாட்களுக்கு மேல் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பும் ஊழியர் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்பது முதலாவது. விண்ணப்பம் கிடைத்த பதினான்கு நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும் என்பது இரண்டாவது. முதல் வாக்கியத்தை நான் கடைப்பிடித்தேன். இரண்டாவதைக் கடைப்பிடிக்க வேண்டியவர்கள் வேறு.

1927-இல் தைப்பூசம் கழிந்த வாரம், ஒரு திங்கட்கிழமை, என் அக்காள் கேரி தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அரசாங்கக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தாள். அத்தான் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தோட்டத்துக் கூலி லயத்தில் அவர்கள் இருந்த அறையை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை இல்லை. மேரு என்ற ஊரில் அத்தானுடைய தம்பி இருந்தார்; நல்ல மனிதர்தான்; ஆனால் ஆறு குழந்தைகள், எப்போதும் படுக்கையில் ஒரு மனைவி. அனுமதி கிடைக்காவிட்டால் அதிலிருந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்து அண்ணியை அழைத்துப் போகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

“அங்க போனா நான் சம்பளமில்லாத ஆயா, தம்பி,” என்றாள் அக்காள். “ஒருதரம் உள்ள போனா, தூக்கிக்கிட்டு வந்தாத்தான் வெளிய வருவேன்.”

அன்று மாலையே விண்ணப்பத்தை மூன்று பிரதிகளில் எழுதி மறுநாள் கொடுத்தேன். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

“பக்கத்து வீட்டுக்காரரோட மச்சினன் மூணு வருஷமா இருக்கான். எதிர்வீட்டுல ஒரு கோவில் கூட்டமே இருக்கு. அவங்கள்லாம் கேட்டாங்களா?”

“அது விதிமீறல்.”

“நீங்க கேட்டதாலதான இது தெரியப்போகுது.”

அவள் சொன்னபடியே ஆயிற்று. விண்ணப்பம் கொடுத்தால் கோப்பு திறக்கும். கோப்பு திறந்தால் விசாரணை நடக்கும். கேட்காதவர் வீட்டுப் பக்கம் ஒருநாளும் தலைகாட்டாத குடியிருப்பு ஓவர்சியர், புதன்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்தார். அக்காள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர், பதினான்கில் ஒரு நாள் என்று, நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு போனார்.

விதிகளைத் தட்டச்சு செய்த குமாஸ்தா என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். ‘தங்குதல்’ என்றால், காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் நடக்கும் பரிசோதனையில் வீட்டில் காணப்படுதல். இரவில் யார் எங்கே உறங்கினாலும் அரசாங்கத்துக்குக் கவலையில்லை. ஆகவே பகலில் காணப்படாத ஒருவர் தங்கவில்லை. இதை அக்காளுக்கு விளக்கினேன்.

“அப்ப நான் ஒம்பதுலேருந்து நாலு வரைக்கும் எங்க போறது?”

“டவுனைச் சுற்றிப் பார்.”

நான் அதை ஓர் உபசாரம்போலச் சொன்னேன். நாற்பது வயதுப் பெண், எழுத்துத் தெரியாதவள், இருபது ஆண்டுகள் ரப்பர் மரங்களை மட்டும் பார்த்தவள், மறுநாள் காலை ஒரு சோற்றுப் பொட்டலத்தோடும் ஒரு குடையோடும் புறப்பட்டாள். பதினொரு மணிக்கு ஓவர்சியர் வந்தார். அங்கே நடந்ததை மனைவி எனக்கு நடித்தே காட்டினாள்.

“அக்கா இருக்காங்களா?”

“டவுனுக்குப் போயிருக்காங்க.”

வெள்ளிக்கிழமையும் வந்தார்.

“நேத்தும் டவுனுக்குத்தான போனாங்க?”

“டவுன் பெருசுங்க.”

அக்காள் வந்த இரண்டாவது சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. அக்காள் தனியாக அலைகிறாளே என்று ஒரு மனச்சாட்சிக் குத்தல். நகரை அவளுக்குக் காட்டலாம் என்று கிளம்பினேன். கோலாலம்பூரில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு. மாதம் ஒருமுறை மாரியம்மன் கோவில். ரயில் நிலையத்துக் கும்மட்டங்களைக் காட்டி, “இதுதான் ஸ்டேஷன்,” என்றேன்.

“அது தெரியுது,” என்றாள். “மூணாவது தூணுக்குப் பின்னால குழாய் இருக்கு. தண்ணி ஜில்லுனு வரும். குடிச்சுக்க, அப்புறம் ஐ ஸ்திரீட்டு முழுக்க ஒண்ணும் கெடைக்காது.”

அதற்குப் பிறகு நான் காட்டவில்லை; பார்த்தேன். அவள் ஐ ஸ்திரீட்டு என்ற ஹை ஸ்திரீட்டில், கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு நிழல் விழும், மழை பெய்தால் எந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பெட்டாலிங் ஸ்திரீட்டில் தகரம் தட்டுகிற சீனர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு கோப்பிக் கடையின் பின்வாசலுக்கு என்னை அழைத்துப் போனாள். அங்கே ஒரு சீனத்தி, பால் டின்னில் கயிறு கட்டி இரண்டு கோப்பி கொண்டுவந்து தந்தாள். இருவருக்கும் பொதுவான மொழி நான்கு மலாய்ச் சொற்களுக்கு மேல் இல்லை. அது போதுமானதாக இருந்தது.

ஜாவா ஸ்திரீட்டுத் துணிக்கடைகளை அவள் வரிசையாகத் தரம் பிரித்தாள். “இந்தக் கடையில தோட்டத்து ஆளுன்னு தெரிஞ்சா மேல்தட்டுச் சேலையை எடுக்கவே மாட்டான். அடுத்த கடை பாய் நல்லவரு. வாங்கலைன்னாலும் முகம் சுளிக்க மாட்டாரு.” அம்பாங் ஸ்திரீட்டில் செட்டியார்கள் மேசைப் பெட்டிகளுக்கு முன்னால் சம்மணமிட்டு அமர்ந்திருப்பதைக் கடந்து, இரண்டு ஆறுகளும் கூடுகிற இடத்துக்கு வந்தோம். எதிரே பள்ளிவாசல். தென்னை மரத்தடியில் அமர்ந்தோம்.

“மொத நாளு சோத்தை இங்கதான் சாப்பிட்டேன். அப்புறம் ரெண்டு நாளு ஒன் ஆபீசுக்கு எதிரே ஒக்காந்திருந்தேன். அந்தப் பெரிய மணிக்கூண்டு அடிக்கிறப்ப பொறாவெல்லாம் பறக்கும். நீ ஒருதரம்கூட சன்னல் வழியா எட்டிப் பாக்கல.”

“வேலை இருந்தது.”

“வண்டி வண்டியா காயிதக் கட்டு உள்ள போகுது தம்பி. ஒண்ணும் வெளிய வரக் காணோம். ஒன்னோடதும் அதுலதான் இருக்கும்.”

அரசாங்க நிர்வாகத்தைப் பற்றி அதைவிடச் சுருக்கமான விமரிசனத்தை நான் பிறகு எங்கும் படித்ததில்லை.

பசி எடுத்தது. கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில் நான் வழக்கமாகப் பசியாறும் சைவக் கடைக்கு அழைத்துப் போனேன். போன பிறகுதான் உறைத்தது: அந்த நாளில் சாப்பாட்டுக் கடைகளில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை; பெஞ்சு நிறைய ஆண்கள், அவ்வளவுதான். நான் வாசலில் தயங்கினேன். கல்லாவில் இருந்த முதலாளி என்னைத் தாண்டி அக்காளைப் பார்த்தார்.

“வாங்கக்கா. இது யாரு, புது ஆளா?”

“என் தம்பி. ஆபீசு கிராணி.”

முதலாளி அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். “அட, கிராணி ஐயாவை நமக்குப் பத்து வருஷமா தெரியுமே. ஒங்க தம்பின்னுதான் தெரியாது.”

அவள் சமையற்கட்டுக்குள் போனாள். பின்கட்டில் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய திரைச்சீலை தொங்கியது. அதற்குப் பின்னால் ஒரு பெஞ்சு. கதையை முதலாளிதான் சொன்னார். முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்காள் ரயில் நிலையத்தில், ரவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கல்யாணச் சேலையும் தாலியும் வாங்க வந்து திசை தெரியாமல் நின்ற ஏழு பெண்களைக் கண்டிருக்கிறாள். நகை ஆசாரியிடம், பாய் கடைக்கு, கோவிலுக்கு என்று வரிசையாக அழைத்துப் போய், கடைசியில் இந்தக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். காலையிலிருந்து எவரும் சாப்பிடவில்லை. பொம்பளைகளுக்கு இங்கே இடமில்லையே என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

“அதுக்கு என்ன கேட்டாங்க தெரியுமா? ‘மொதலாளி, பொம்பளைங்களுக்கு வயிறு இல்லேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?’ன்னாங்க. ஒடனே வேட்டியக் கிழிச்சுத் திரை கட்டிட்டேன்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை ஓவர்சியர் என் அலுவலக மேசைக்கே வந்துவிட்டார். அக்காளைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

“எங்கே பார்த்தீர்கள்?”

“மத்தியானம் ஓட்டல்ல. எனக்கு ரசம் ஊத்தச் சொன்னதே அவங்கதான். ‘இவரு தெனம் வெயில்ல சைக்கிள் மிதிக்கிறவரு, கூட ஊத்துங்க’ன்னாங்க.” நோட்டை எடுத்துக் காட்டினார். முதல் புதன்கிழமைக் கோடு ஒன்றே ஒன்று தனியாக இருந்தது. “ஓட்டலுக்கு ரூல் இல்ல கிராணி ஐயா. ஆனா என் மேலதிகாரி அடுத்த வாரம் காலையில ஆறு மணிக்கு வரப்போறாரு. அதையும் விதியில தட்டிட்டீங்களா?”

தட்டியிருக்கவில்லை. என் தந்திரத்துக்கு ஒரு வாரம் ஆயுள். அனுமதி வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நெருங்கியது. அக்காளிடம் சொன்னபோது அவள் தகரப் பெட்டியைத் துடைத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேருக்காரர் வந்தார். அக்காள் விடியும் முன்பே பெட்டியோடு போய்விட்டாள் என்று மனைவி சொன்னதும், அவரை அழைத்துக்கொண்டு நான் சந்துக் கடைக்கு ஓடினேன். திரைக்குப் பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். மூன்று தோட்டங்களிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். ரவாங் பெண்கள் சொல்லிச் சொல்லி, டவுனில் ஓர் அக்காள் இருக்கிறாள் என்பது ரயில் பாதை நெடுகப் பரவியிருந்தது. அக்காள் இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, கெளம்பலாமா? ரயில் கோச்சி ரெண்டு மணிக்கு.”

“இன்னைக்கு முடியாது தம்பி. இவங்களுக்கு இன்னும் வளையல் வாங்கணும்.”

“அப்ப அடுத்த வாரம்?”

“அடுத்த வாரமும் ஆளு வருது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி கூரையைப் பார்த்தபடி, மாடியில் மளிகைச் சாமான் வைக்கிற அறையில் பாதியைக் காலி செய்து கொடுத்தாயிற்று என்றார். பெட்டி ஏற்கெனவே மேலே போயிருந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீ எழுதிக் கேட்பியே,” என்றாள் அக்காள்.

மேருக்காரர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். மூன்றாவது தடவை மோர் வாங்கிக்கொண்ட பிறகு, வீட்டுக்காரிக்கு ஒரு சேலை எடுக்க வேண்டும், எந்தக் கடை நல்லது என்று விசாரித்தார். அக்காள் திரைக்குப் பின்னாலிருந்தே வழி சொன்னாள்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்பது ஒழுங்கு. அதற்கும் ஒரு படிவம் உண்டு. அதற்கும் பதில் வரவேண்டும். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கோப்பை அப்படியே கிடக்க விட்டேன்.

பதில் வந்தபோது அதைக் கடைக்கு எடுத்துப் போய் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். திரை இருந்த இடத்தில் இப்போது பலகைத் தடுப்பு; பெஞ்சு மூன்றாகியிருந்தது. மேற்படி உறவினர் என் வீட்டில் பதினான்கு நாட்களுக்கு மிகாமல் தங்க அனுமதிக்கப்படுகிறது என்றிருந்தது. விண்ணப்பமே இல்லாமல் அந்தப் பதினான்கு நாட்கள் எவருக்கும் உண்டு.

அக்காள் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முத்திரை அழகாக இருக்கிறது என்றாள். தீபாவளிக்கு வேண்டுமானால் இரண்டு நாள் வந்து இருக்கிறேன், மிச்சம் பன்னிரண்டை நீயே வைத்துக்கொள் என்றாள். பிறகு, எழுத்துத் தெரியாதவளாயிற்றே, மேல் மூலையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள்.

தேதி என்றேன். படித்தேன்: 1928 மார்ச் 6.