கீழேயிருந்து வெட்டுவது

கிரிஜாவுக்குச் சொந்த ஊர் பாம்பன் பக்கம். புருஷன் வேலைக்காகப் புனே வந்து கோந்த்வாவில் குடியேறியவள், ரொம்ப வருஷமாக ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். ஏதோ எழுதித் தள்ளுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்டுவதுதான் பிழைப்பு. ஏஜென்சியிலிருந்து முழ நீளத்துக்கு வருகிற செய்தியை, பக்கத்தில் இருக்கிற இடத்துக்குத் தக்கபடி நறுக்க வேண்டும். அதையும் கீழேயிருந்துதான் நறுக்குவார்கள். முக்கியமானது மேலே இருக்கும், கடைசி வரியில் என்ன பெரிசாக இருந்துவிடப் போகிறது என்கிற நினைப்பு.

அன்று சாயங்காலமும் அப்படித்தான். எல்லை தாண்டியதாக ராமேஸ்வரம் மீனவர்கள் இலங்கையில் கைது என்று ஒரு செய்தி வந்தது. மதுரையாக இருந்தால் முதல் பக்கம். புனேவில் முதல் பக்கம் ஹிஞ்சேவாடி ட்ராஃபிக்குக்குத்தான். இதற்கு 'அண்டை நாடுகள்' பத்தியில் ஒரு மூலை. கிரிஜா மேலே இரண்டு வரியை வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் படிக்காமலே தூக்கினாள். பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

அப்புறம்தான் தம்பி பெண்டாட்டி பட்டுவிடமிருந்து போன்.

"மதினி, கடலுக்குப் போன மனுசன் இன்னும் கரைக்கு வரல. போட்டு மூழ்கிருச்சோன்னு பயமா இருக்கு. ஒங்க ஆபீசுக்கு ஏதும் சேதி வந்துச்சா?"

கிரிஜா போனை வைக்காமலே, வெட்டிய செய்தியைத் தேடி எடுத்து, நேரே கடைசி வரிக்குப் போனாள். கைதானவர்களின் பெயர்கள் அங்கே இருந்தன. நடுவில் கார்மேகம், அவள் தம்பி.

"பட்டு, அவனைப் புடிச்சு வச்சிருக்காங்க. உயிரோட இருக்கான்டி."

கைது என்று கேட்டதும் ஒருத்தி சந்தோஷத்தில் அழுவாள் என்று எந்தப் பத்திரிகைக்காரனுக்குத் தெரியும்? பட்டு அழுது தீர்த்தாள், மூக்கைச் சிந்தினாள். பிறகு கேட்டாள்.

"ஒங்க பேப்பர்லயும் அவுக பேரு வருமா மதினி? வடக்க உள்ளவுக படிச்சாத்தானே சீக்கிரம் விடச் சொல்லிக் கேப்பாக."

கிரிஜாவுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"செய்தி வரும். பேரு வராதுடி. எடுத்தாச்சு."

"ஏன்?"

"இங்க புனேல அந்தப் பேரெல்லாம் யாருக்குத் தெரியப் போகுதுன்னு..."

"நீங்க இருக்கீகள்ல மதினி," என்றாள் பட்டு.