பெட்டிக்குள் போன உயில்

பெட்டிக்காரர் என்றால் பெட்டி செய்பவர் அல்ல, பெட்டி திறப்பவர். அவர் கடைக்குச் சாவி வெட்டிக்கொள்ளத்தான் முக்கால்வாசிப் பேர் வருவார்கள். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நம்பர் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிகள். ஒரு வீட்டில் பெரியவர் கண்ணை மூடுவார். நம்பரை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அழுது முடித்ததும் வீட்டாருக்குப் பெட்டி ஞாபகம் வரும். உடனே ஆள் வரும்: "பெட்டிக்காரரே, கொஞ்சம் வந்து பாருங்க."

போவார். பங்குக்கு உரியவர்கள் எல்லாரும் அறைக்குள் இருந்தால்தான் கை வைப்பார். பெட்டிக் கதவில் காதை ஒட்டி, சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். கடைசி 'டிக்' கேட்டதும் கைப்பிடியைத் தொட மாட்டார். "திறந்தாச்சு, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். புது நம்பர் வைக்கும்போதும் அப்படித்தான், முகம் சுவருக்கு. "நம்பர்ங்கிறது பல் விளக்குற பிரஷ் மாதிரி. ஒரே வீடா இருந்தாலும் ஆளுக்கு ஒண்ணு" என்பது அவர் கொள்கை.

சுவரைப் பார்த்து நின்றபடி அவர் கேட்ட சண்டைகளைச் சொன்னால் ஏடு கொள்ளாது. அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்காக அக்காவும் தங்கையும் ஒருத்தி தலைமுடியை ஒருத்தி பிடித்த வீடு உண்டு. அந்தக் கண்ணாடி இரண்டு பேர் கண்ணுக்கும் சேராது. இதையெல்லாம் வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார். ஊரான் வீட்டுக் கூத்து யாருக்குத்தான் இனிக்காது?

அந்தத் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே கடை, மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும், அதுதான் வீடு. பெட்டிக்காரரின் மனைவி இறந்தபோது பையன் பள்ளிக்கூடத்துப் பையைத் தூக்கத் திணறுகிற வயதில் இருந்தான். அந்தச் சமயத்தில்தான் தங்கை, கட்டியவனோடு ஒத்துப்போகாமல், ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேண்ணா" என்றாள். பையனைக் குளிப்பாட்டினாள், படிக்க வைத்தாள், காய்ச்சலுக்குக் கண்விழித்தாள், கடைக் கல்லாவில் உட்கார்ந்தாள். பையன் வேலை கிடைத்து, கல்யாணமாகி, வேறு ஊரில் குடியேறிவிட்டான். அவள் இன்னும் போகவில்லை.

வீடு அண்ணன் பேரில். அவர் போய்விட்டால் மகனுக்கு. அத்தைக்கு அந்த வீட்டில் சமையலறை முதல் மொட்டைமாடி வரை எல்லாம் தெரியும். உரிமை மட்டும் ஒரு செங்கல்லுக்கும் கிடையாது. எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட அத்தைகள் பையோடு வெளியேறுவதைப் பெட்டிக்காரர் பார்த்திருக்கிறார். ஒருநாள் ஒரு வக்கீலம்மாவின் கட்சிக்காரருக்குப் பெட்டி திறந்து கொடுத்துவிட்டு, கூலியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார், "எனக்கும் ஒரு உயில் எழுதணும்மா."

எழுதினார்கள். தங்கை உயிரோடு இருக்கும்வரை வீட்டில் இருக்கலாம், கடை வருமானமும் அவளுக்கே. அவளுக்குப் பிறகு எல்லாம் மகனுக்கு. மருந்துக்கடைக்காரரும் லேத் பட்டறைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு இதில் ஒரு ஆணிகூடக் கிடையாது, அதனால்தான் அவர்கள். பெட்டிக்காரர் தன் வார்த்தையிலேயே ஒரு வரியையும் சேர்க்கச் சொன்னார். உயிலில் இதெல்லாம் வேண்டாமே என்று வக்கீலம்மா முகம் சுளித்தும் அவர் விடவில்லை.

அப்புறம் வக்கீலம்மா இரண்டு விஷயம் சொன்னார்.

"இதை எங்க வைக்கிறீங்கன்னு இன்னொருத்தருக்குத் தெரியணும். எடுக்கவும் முடியணும்."

"என் பெட்டியில வைப்பேன். அதை விடப் பத்திரமான இடம் எது?"

"இன்னொண்ணு. உயில் நீங்க போனப்புறம்தான் பேசும். நீங்க இருக்கும்போதே பேச முடியாமப் படுத்துட்டா? உங்களுக்காகக் கையெழுத்துப் போட ஒருத்தருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்துடுங்க."

பெட்டிக்காரர் சிரித்தார். "படுக்கிறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லைம்மா. போனா ஒரேயடியாப் போயிடுவேன்."

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மேலே இருப்பவன் கேட்டுக்கொண்டா செய்கிறான்?

கடையின் பின்சுவரில் பதித்திருந்த பெட்டி அவரே பூட்டு மாற்றியமைத்தது. அதை வெல்ல ஆளில்லை என்று அவருக்கு நினைப்பு. "இதைத் திறக்க இன்னொருத்தன் பொறந்து வரணும்" என்பார், எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி. எதிர்க்கடைக்காரரும் பூட்டு வேலைதான். காது வைத்துக் கேட்கிற பொறுமை அவருக்குக் கிடையாது; டிரில்லை எடுத்துத் துளை போட்டுவிடுவார். அதனால் பெட்டிக்காரர் அவருக்குத் துளையன் என்று பெயர் வைத்திருந்தார். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது.

உயிலைப் பெட்டியில் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, "உன்னை யாரும் அசைக்க முடியாது, எழுதி வச்சாச்சு" என்றார் தங்கையிடம்.

"நம்பர்?" என்றாள் அவள்.

"அது எதுக்கு உனக்கு?"

ஆயிரம் பெட்டியைத் திறந்தவர், எந்தத் தப்புக்காக அத்தனை வீட்டிலும் தன்னைக் கூப்பிட்டார்களோ அந்தத் தப்பையே செய்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல்கூட இல்லை, தொழில் புத்தி.

ஒரு காலை, சாவி வெட்டிக்கொண்டிருக்கும்போதே வலது கை விழுந்தது. கூடவே வாயும் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து மேல் அறைக் கட்டிலில் கிடத்தியபோது உயிர் இருந்தது, நினைவு இருந்தது, காது முன்னைவிடக் கூர்மையாக இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. நம்பர் அவர் மண்டைக்குள் பளிச்சென்று இருந்தது. நாக்கை அசைத்தால் வெறும் காற்றுதான் வந்தது. இடது கை விரல்களைக் காட்டப் பார்த்தார். அவை நடுங்கி ஒன்று மூன்றானது, மூன்று ஐந்தானது. தலையை ஆட்டிச் சொல்லவும் அப்போது கழுத்து அசையவில்லை.

மகன் வந்தான். கெட்டவன் இல்லை. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு, அழுகிறவர்கள் எல்லாரும் செய்வது போல, யோசிக்க ஆரம்பித்தான்.

"வீட்டை வித்துடலாம் அத்தை. அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்குப் பக்கத்துலயே எங்கயாவது ஒரு ரூம் பாத்துக் கொடுத்துடறேன்."

கட்டிலில் கிடந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. எத்தனையோ அறைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்ட அதே பேச்சு. இப்போது திரும்பி நிற்கவும் முடியவில்லை, திரும்பிப் பேசவும் முடியவில்லை. வாழ்நாளில் அவர் அவ்வளவு பயந்ததில்லை.

தங்கை கத்தவில்லை. "உங்கப்பா என்னமோ எழுதிப் பெட்டியில வச்சிருக்கார். அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணுப்பா" என்றாள். வக்கீலம்மாவை வரவழைத்தாள். பிறகு எதிர்க்கடைக்குப் போய்த் துளையனைக் கூப்பிட்டாள்.

மேலே கிடந்த பெட்டிக்காரருக்கு டிரில் சத்தம் தரை வழியே முதுகில் ஏறியது. இன்னொருத்தன் பொறந்து வர வேண்டிய பெட்டி, ஒரு டீ ஆறுவதற்குள் திறந்துகொண்டது. அவமானமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

மகன் உயிலை மேலே கொண்டுவந்து கட்டிலருகில் நின்று படித்தான். வீடு, கடை, உரிமை என்று வேகமாகப் படித்துக்கொண்டே வந்தவன் வக்கீலம்மா வேண்டாம் என்ற வரியில் நின்றான். 'என் தங்கை ரெண்டு நாள் இருக்கத்தான் வந்தாள். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. அதை முடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை.'

அத்தை ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

"ஒண்ணு சொல்லியாகணும்" என்றார் வக்கீலம்மா. "அவர் உயிரோட இருக்கிறவரைக்கும் இது வெறும் காகிதம். இது உங்களைத் தடுக்காது. நீங்க கோர்ட்டுக்குப் போய், அப்பாவால முடியலன்னு சொல்லி, அவர் சொத்துக்குப் பொறுப்பாளர் ஆகலாம். அப்புறம் விக்கவும் அனுமதி கேட்கலாம்."

பெட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சாகிறதுக்கு எல்லாம் தயார் பண்ணி வைத்தவர், சாகாமல் கிடப்பதற்கு ஒன்றும் பண்ணி வைக்கவில்லை.

"அப்பாவால முடியலன்னு யாரு சொன்னது?" என்றான் மகன். "அவருக்கு எல்லாம் புரியுது. அவர்கிட்டயே கேளுங்க."

கழுத்து அசையத் தொடங்கியதும் டாக்டர் வந்து சோதித்து, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். வக்கீலம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். தங்கை வீட்டில் இருக்கும் உரிமையை இப்போதே பதிந்து கொடுக்கலாமா? தலையாட்டினார். உங்கள் காரியங்களைத் தங்கையும் மகனும் சேர்ந்து பார்க்கட்டுமா? இன்னும் பலமாக ஆட்டினார். பத்திரப்பதிவு அதிகாரிகள் வீட்டுக்கே வந்து, இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்துப் பதிந்துகொண்டு போனார்கள்.

துளை விழுந்த பெட்டிக்குத் துளையனே புதுப் பூட்டுப் போட்டார். கூலி வாங்கவில்லை. "அண்ணன் பூட்டு நல்ல பூட்டுதான். என் டிரில்லுல ரெண்டு முனை போச்சு" என்று பெட்டிக்காரர் காதில் விழும்படி சொன்னார். அது பொய்யாகவும் இருக்கலாம். பழைய இடத்தில் வேண்டாம் என்று பெட்டியைச் சுவரிலிருந்து பெயர்த்து மேலே தூக்கிவந்து கட்டிலுக்கு எதிரிலேயே வைத்தார்கள்.

"நம்பர் என்ன வைக்க?" என்று துளையன் கேட்டார்.

பெட்டிக்காரர் பழக்க தோஷத்தில், அசைகிற பாதி உடம்பால் தம் பிடித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தங்கை கட்டிலைச் சுற்றி வந்தாள். அவர் மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள்.

"சுவத்தைப் பார்த்தது போதும்ணா. உன் எதிர்லதான் சொல்லப்போறேன், கேளு."

நம்பரைச் சத்தமாகச் சொன்னாள். மகனைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவர் வாய் கோணலாகத் திறந்தது. முதல் எண் காற்றாகத்தான் வந்தது. இரண்டாவது, எண் மாதிரியே வந்தது.