சரசு ஏறினால் மட்டும் சத்தம்: நல்லூரிலிருந்து வால்பாறைக்கு

2007 ஐப்பசியில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூர் நல்லூரிலிருந்து வால்பாறைக்குப் போனோம். நானும் என் மனைவி சரசுவும் மட்டும். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் மலையேற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால், என்னைப் போல 1,850 ரூபாய் தண்டம் அழ வேண்டியிருக்காது.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் சரசுவுக்கு நான்காம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அவள் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலைத் தாண்டவும் இல்லை. அப்படி இருந்தவள் ஒரு நாள் அவளாகவே, "அம்மாவப் பாத்துட்டு வரலாமுங்களா?" என்று கேட்டாள். அவள் அம்மா வால்பாறையில் மகன் வீட்டில் இருக்கிறார். மூன்று மாதத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். அதற்கும் முடியாது என்று சொல்லும்படி ஆகிவிடக் கூடாதே என்று எனக்குப் பயம்.

பயத்துக்குக் காரணம் வண்டி. எங்கள் நிட்டிங் யூனிட்டுக்குத் துணி ரோல் ஏற்றுவதற்காக வாங்கிய பழைய பிக்கப். கொஞ்ச நாளாக முன்பக்கம் 'கட்... கடக்' என்று ஒரு சத்தம். நேர் ரோட்டில் இல்லை, வளைவில் மட்டும். அதுவும் சரசு உட்கார்ந்திருந்தால் மட்டும். அனுப்பர்பாளையத்து மெக்கானிக் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நான் விடாமல், இடதுபக்கம் ஆள் பாரம் தாங்கவில்லையோ என்று ஸ்பிரிங் புஷ், வீல் பேரிங் எல்லாம் மாற்ற வைத்தேன். அந்த 1,850 இதுதான்.

காலை 6.10க்குக் கிளம்பினோம். முதல் திருப்பத்திலேயே 'கடக்'. பல்லடத்தில் மறுபடியும். சரசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் ஏறுனா வண்டிகூடத் தாங்கறதில்லீங்க. ஊட்டுக்கே போயரலாம்" என்றாள். பொள்ளாச்சி வரைக்கும் பார்ப்போம் என்று கெஞ்சித்தான் கூட்டிப்போனேன்.

பொள்ளாச்சிக்குள் நுழையும்போது மணி 8.20, மீட்டரில் 61 கிலோமீட்டர். ஞாயிறும் திறந்திருந்த ஒரு பட்டறையில் நிறுத்தி, சரசு ஏறினால் மட்டும் வரும் சத்தத்தைச் சொன்னேன். அங்கிருந்த மெக்கானிக்குக் கேலிப் பேச்சு ஜாஸ்தி. "அம்மிணி அப்படியே உக்காரட்டுங்க. நீங்க பின்னாடி ஏறிக்குங்க" என்று அவரே ஓட்டினார். நான்கு திருப்பம். சத்தமே இல்லை.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். சரசுதான் பேசினாள். "நானும் உக்காந்துதானுங்க இருக்கேன், இப்ப ஏன் வரல?" கொஞ்சம் யோசித்து, கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டை லிவரைக் காட்டினாள். "அண்ணா, ஏறுனதும் நீங்க இதை எடுத்துவிட்டீங்க. இவரு என்னைய ஏத்துனா இதைப் போட்டுட்டுத்தான் கெளம்புவாரு."

முன் சக்கரங்களையும் சேர்த்து இழுக்க வைக்கிற லிவர் அது. சேற்றுக்கும் மணலுக்கும் உள்ளது. மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "தார் ரோட்டுல எதுக்குங்க இதைப் போடறீங்க? வளைவுல முன் சக்கரம் அதிக தூரம் போகோணும். பின் சக்கரத்தோட சேத்துக் கட்டிப்போட்டா அது முறுக்கிக்கிட்டு அடிக்காம என்ன பண்ணும்?"

என் புத்தி நிட்டிங் புத்தி. மெஷினில் எல்லா ஃபீடருக்கும் ஒரே அளவு நூல் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் துணியில் கோடு விழும். அதேபோல நான்கு சக்கரமும் ஒன்றாக இழுத்தால் அவளுக்கு அலுங்காது என்று நினைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாளிலிருந்து அப்படித்தான் ஓட்டினேன். தனியாகப் போகும்போது அந்தக் கவலை இல்லாததால் லிவரை எடுத்துவிட்டுத்தான் ஓட்டினேன். இதையெல்லாம் அசடு வழியச் சொன்னேன்.

சரசு மெக்கானிக்கிடம் மெதுவாகக் கேட்டாள். "அப்ப என்னால இல்லீங்களா?"

அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. "உங்களால எப்படிங்க அம்மிணி? நீங்க சும்மா உக்காந்துதான இருந்தீங்க" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் பதறிப்போய் டீ சொல்லி அனுப்பினார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்றில்கூடச் சத்தமில்லை. நான் மறந்துபோய்ப் போட்டுவிடப் போகிறேன் என்று அவள் லிவர் மேலேயே கையை வைத்துக்கொண்டு வந்தாள். வால்பாறை சேரும்போது 12.40, மொத்தம் 126 கிலோமீட்டர். போக வர டீசல் 800 ரூபாய் ஆனது.

இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல நினைப்பது: பழைய ஃபோர் வீலில் முன்பக்கம் வளைவில் சத்தம் வந்தால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் அந்த லிவரைப் பாருங்கள். மெக்கானிக்கிடம் சாவியை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். நீங்கள் எப்படி ஓட்டுவீர்களோ அப்படி ஓட்டிக் காட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், நான் கேட்கவில்லை.

வாசலில் நின்ற அத்தை, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். "வழியெல்லாம் வண்டி சத்தம் போட்டுச்சும்மா. தப்பு பூராம் இவரு மேலதான்" என்று சொல்லிவிட்டு, மூன்று மாதத்துக்கு அப்புறம் சரசு சிரித்தாள். ஆமாம் அத்தை, என் மேலதான் என்றேன்.